ஃபோனுக்கு 7 வருஷ அப்டேட், வாட்ச்சுக்கு மட்டும் ஏன் 3?

கூகுளுக்கு வாட்ச் பண்ணத் தெரியாதுன்னு சொல்றவங்களோட எனக்கு எப்பவுமே ஒத்துப்போறதில்ல. ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க, "அவங்க சாஃப்ட்வேர் கம்பெனிப்பா, கைல கட்டற சாமானெல்லாம் அவங்களுக்கு வராது"ன்னு. ஆப்பிள் வாட்ச் கடைக்கு வந்தது 2015 ஏப்ரல்ல. வாட்ச்சுக்குன்னே பண்ணின ஆண்ட்ராய்டு வியரை கூகுள் அறிவிச்சது 2014 மார்ச் 18, அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி. அந்த அறிவிப்பு வந்தது அப்போ ஆண்ட்ராய்டைப் பாத்துக்கிட்டிருந்த சுந்தர் பிச்சை பேர்லதான், மதுரையில பிறந்து சென்னையில வளர்ந்த மனுஷன், அதனால நம்ம ஆளுங்களுக்கு அதுல ஒரு தனி சந்தோஷம் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. அந்த ஜூன்லயே அதுல ஓடற எல்ஜி ஜி வாட்ச்சையும் சாம்சங் கியர் லைவையும் அறிவிச்சாங்க, செப்டம்பர்ல வட்ட முகத்தோட மோட்டோ 360 வந்துச்சு. கைல கட்டற கம்ப்யூட்டர் இப்படித்தான் இருக்கும்னு முதல்ல ஆசை காட்டினதுல கூகுளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால தெரியாது, வராதுங்கற பதிலை என்னால ஏத்துக்க முடியல. தெரியும், வரும், ஆனா நிக்க மாட்டேங்கறாங்க. நாலு வருஷம் அஞ்சு வருஷம் ஒரே பொருளோட கூடவே இருந்து, அதை வாங்கினவனோட கூடவே இருந்து கொண்டுபோற பொறுமை இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவங்ககிட்ட இல்ல. இதை நான் நண்பர்கள்கிட்ட பல தடவை பேசியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் பாதியில நின்னுபோகும், முழுசா எழுதிப் பார்த்தாத்தான் மனசு ஆறும்னு தோணுச்சு.

கண்ணாடியில ஆரம்பிச்சது

கண்ணுக்கு முன்னாடி சின்ன ஸ்கிரீன் வெச்ச கூகுள் கிளாஸ் கண்ணாடியோட கதை எல்லாருக்கும் தெரியும், நீட்டி முழக்க வேண்டாம். 2012 ஜூன்ல சான் பிரான்சிஸ்கோ மேல பறந்த ஆகாயக் கப்பல்லேர்ந்து ஆளுங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குதிச்சாங்க, உலகமே வாயைப் பொளந்து பார்த்துச்சு. 1,500 டாலர் குடுத்து வாங்கினவங்களுக்கு 2015 ஜனவரியில அந்தத் திட்டம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் 2017ல ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும்னு திரும்பக் கொண்டு வந்தாங்க, 2019ல ரெண்டாவது மாடல் விட்டாங்க, 2023 மார்ச்ல அதோட விற்பனையையும் நிறுத்தினாங்க.

எனக்கு கிளாஸை விட உறுத்தினது நார்த்ங்கற கனடா கம்பெனியோட கதைதான், நம்ம ஊர்ல அதைப் பத்தி அதிகம் பேர் பேசல. அவங்க ஃபோகல்ஸ்னு ஒரு கண்ணாடி பண்ணாங்க, பாக்கறதுக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி மாதிரியே இருக்கும், பவர் போட்டும் வாங்கலாம். 2020 ஜூன் 30ஆம் தேதி கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கினதா அறிவிப்பு வருது. ஜூலை 31ஓட அந்தக் கண்ணாடியோட ஸ்மார்ட் வசதியெல்லாம் நின்னுபோச்சு. ஒரே மாசம். வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க, அது நியாயமான காரியம், அதை மறைக்கக் கூடாது. ஆனா காலையில எழுந்ததும் மூஞ்சியில மாட்டிக்கற ஒரு பொருளை, அதுக்குப் பழகிப்போன ஒருத்தர்கிட்டேர்ந்து ஒரு மாச நோட்டீஸ்ல செயலில்லாம பண்ணலாம்னு ஒரு கம்பெனி முடிவு பண்ணுதுன்னா, உடம்புல மாட்டற சாமானை அவங்க எந்தக் கண்ணோட பாக்கறாங்கன்னு அதுலயே தெரிஞ்சுபோகுது.

வாட்ச் பக்கம் வந்தா அங்கயும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவா நடந்துச்சு, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு வியர் 2.0 வை 2016 மே மாசம் காட்டினாங்க, அந்த வருஷமே வரும்னாங்க, வந்தது 2017 பிப்ரவரியில. 2018 மார்ச்ல பேரை வியர் ஓஎஸ்னு மாத்தினாங்க. பேர் மாறிச்சே தவிர உள்ள இருந்த சிப்பு மாறல. சிப்பு பண்ற குவால்காம் 2016ல விட்ட வியர் 2100, 2018ல விட்ட வியர் 3100 ரெண்டுமே அதே பழைய 28 நானோமீட்டர் தயாரிப்பு முறை, உள்ள அதே பழைய கார்டெக்ஸ் ஏ7 ப்ராசசர். ஆப்பிள் வருஷா வருஷம் சொந்த சிப்பு பண்ணிக்கிட்டிருந்த காலம் அது. வாட்ச் கையில மெதுவா ஓடறதும் சாயந்தரத்துக்குள்ள சார்ஜ் போறதும் விதி ஒண்ணும் இல்ல, யாராவது உக்காந்து அதுக்குன்னு சிப்பு பண்ணணும், பணம் போடணும், அதை யாரும் பண்ணல. கடைசியா 2022 அக்டோபர்ல கூகுள் தன் சொந்தப் பேர்ல பிக்சல் வாட்ச் விட்டப்போ கூட உள்ள இருந்த முக்கியமான சிப்பு சாம்சங்கோட எக்ஸினோஸ் 9110, அது 2018 கேலக்ஸி வாட்ச்ல வந்த சிப்பு. இத்தனை வருஷம் காத்திருக்க வெச்சுட்டு நாலு வருஷப் பழைய சிப்பைப் போட்டு 349 டாலருக்கு வித்தாங்க.

2021 மே மாசத்தை மட்டும் தனியாச் சொல்லணும். சாம்சங்கோட கை கோத்து வியர் ஓஎஸ் 3 வருதுன்னு அறிவிச்சாங்க, கேட்டவங்களுக்கெல்லாம் அப்பாடான்னு இருந்துச்சு. ஜூலையில பழைய வாட்ச்ல எதெல்லாம் புதுசுக்கு மாறும்னு பட்டியல் வந்துச்சு. குவால்காமோட வியர் 4100 சிப்பு இருக்கற டிக்வாட்ச்ங்கற பிராண்டுல சிலதும், அப்புறம் வாட்ச் கம்பெனி ஃபாசில் விடப்போற மாடலும், அவ்வளவுதான். 2019 ஆகஸ்ட்ல வந்த ஃபாசில் ஜென் 5, அப்போ வியர் ஓஎஸ்லயே நல்ல வாட்ச்னு எல்லாரும் கையைக் காட்டினது, அதுக்குக் கிடையாது. ரெண்டே வருஷம்! மாற முடிஞ்சதும் சும்மா மாறாது, உள்ள இருக்கறதை மொத்தமா அழிச்சுட்டுத்தான் மாறணும்னாங்க, அதுவும் டிக்வாட்ச்சுக்கு வந்து சேர 2023 ஆயிடுச்சு. கூகுளை நம்பி வருஷக்கணக்கா வாட்ச் பண்ணின ஃபாசில் 2024 ஜனவரியில ஸ்மார்ட்வாட்ச் தொழிலே வேண்டாம்னு வெளிய போயிடுச்சு. கன்னு வேர் பிடிக்கறதுக்குள்ள பிடுங்கி வேற குழியில நட்டா எது காய்க்கும்?

ஃபோன் மாதிரி இல்ல இது

இதுல என்ன பெரிய விஷயம், ஃபோனும்தான் பழசாகுது, டிவியும்தான் பழசாகுதுன்னு கேக்கறவங்க உண்டு. எங்க அப்பா கையில ஒரு வாட்ச் இருந்துச்சு, கூகுள் இல்ல, வேற கம்பெனி, பேர் வேண்டாம். காலையில நடக்கப் போறப்போ கட்டிக்கிட்டுப் போவாரு, வந்ததும் எத்தனை அடி, இதயத் துடிப்பு எவ்வளவுன்னு பார்த்து அம்மாகிட்ட சொல்வாரு. புது ஃபோன் வாங்கிக் குடுத்தோம், அந்த வாட்ச்சோட ஆப்பை ஸ்டோர்லேர்ந்தே எடுத்துட்டாங்க, புது ஃபோன்ல ஏத்த முடியல, பழைய ஃபோன்ல இருந்த கணக்கும் எங்கயும் போய்ச் சேரல. அப்பா அதைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வாட்ச் நல்லாத்தானேப்பா ஓடுது, அப்புறம் என்ன?"ன்னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

ஒரு ஃபோன் போச்சுன்னா ஃபோட்டோ, கான்டாக்ட் எல்லாம் இன்னொண்ணுக்கு வந்துடும். வாட்ச்சோட மதிப்பு அதுக்குள்ள நாளாக நாளாகச் சேர்ற கணக்குல இருக்கு. அசையாம இருக்கறப்போ நம்ம துடிப்பு வழக்கமா எவ்வளவு, ராத்திரி தூக்கம் எப்படி, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியிருக்குங்கறதை அது நம்மகிட்டேர்ந்தேதான் கத்துக்குது. 62ங்கற துடிப்பு எனக்குச் சாதாரணமா இருக்கும், இன்னொருத்தருக்கு அது எப்பவும் இல்லாத ஒண்ணா இருக்கும், அதைச் சொல்றதுக்குப் பழைய கணக்கு வேணும். முதல் வாரத்துல அது சொல்றதுக்கும் மூணாவது வருஷம் அது சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு, அப்படி அது பலன் குடுக்க ஆரம்பிக்கற நேரத்துல கம்பெனி கையை விட்டா நஷ்டம் காசு மட்டும் இல்ல.

கூகுளுக்கு இது தெரியாம இல்ல, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. நடை, துடிப்பு, தூக்கம் கணக்குப் பாக்கற பேண்டும் வாட்ச்சும் பண்ற ஃபிட்பிட் கம்பெனியை அவங்க வாங்கப்போறதா 2019 நவம்பர்ல அறிவிச்சாங்க, 210 கோடி டாலர், 2021 ஜனவரியில வேலை முடிஞ்சுது. ஒழுங்கில்லாத இதயத் துடிப்பை மணிக்கட்டுலேர்ந்தே கண்டுபிடிக்க முடியுமான்னு ஃபிட்பிட் நடத்தின ஆய்வுல சுமார் 4.5 லட்சம் பேர் சேர்ந்தாங்க, அதை வெச்சு 2022 ஏப்ரல்ல, மருத்துவ சாதனங்களுக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏகிட்ட அனுமதியும் வாங்கினாங்க. 2025 பிப்ரவரியில நாடித்துடிப்பே நின்னுபோனா உதவிக்குத் தானாவே ஃபோன் பண்ற வசதிக்கும் அமெரிக்காவுல அனுமதி வாங்கினாங்க. இதையெல்லாம் பண்ற எஞ்சினியருங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, மனுஷ உயிரைக் காப்பாத்தற வேலை அது.

அதே ஃபிட்பிட்ல மறுபக்கம் நடந்ததைப் பாருங்க. 2022ல வந்த சென்ஸ் 2, வெர்சா 4 வாட்ச் ரெண்டுலயும் வெளி ஆப் போட முடியாது, குரல்ல கேட்டா பதில் சொல்ற கூகுள் அசிஸ்டன்ட் கிடையாது. அதுக்கு முந்தின மாடல்ல ரெண்டும் இருந்துச்சு. கூகுள் வாங்கினதுக்கு அப்புறம் கூகுளோட அசிஸ்டன்ட்டே அதுலேர்ந்து போச்சு. 2023 மார்ச் 27ஆம் தேதி சேலஞ்ச், அட்வென்ச்சர், ஓப்பன் குரூப் எல்லாத்தையும் எடுத்தாங்க. சென்னையில இருக்கற அம்மாவும் நியூஜெர்சியில இருக்கற பொண்ணும் இந்த வாரம் யாரு அதிகம் நடந்தாங்கன்னு போட்டி போடறதுக்கு அதுதான் வழி, பலபேர் அந்த வாட்ச்சைக் கட்டினதுக்கே அதுதான் காரணம். 2024 ஜனவரியில ஃபிட்பிட்டை ஆரம்பிச்ச ஜேம்ஸ் பார்க்கும் எரிக் ஃப்ரீட்மனும் வெளிய போனாங்க. அந்த ஜூலையில கம்ப்யூட்டர்ல திறந்து பாக்கற வெப் டேஷ்போர்டை மூடினாங்க. ஆகஸ்ட்ல இனிமே ஃபிட்பிட் பேர்ல புது ஸ்மார்ட்வாட்ச் வராதுன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணொண்ணையும் தனியாப் பார்த்தா ஏதோ ஒரு காரணம் இருக்கும், ஒரு பிசினஸ் நியாயம் இருக்கும். காசு குடுத்து வாங்கினவங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா அவங்ககிட்ட இருந்தது ஒவ்வொண்ணா போயிக்கிட்டே இருந்துச்சு.

ஒரே நாள், ஒரே மேடை

என் மனசு மாறின நாள் 2023 அக்டோபர் 4. அதுவரைக்கும் நானும் கூகுளுக்காகப் பரிஞ்சு பேசின ஆள்தான். சிப்பு அவங்க கையில இல்ல, பார்ட்னர் கம்பெனிங்க ஒத்துழைக்கல, சின்ன பேட்டரி, சின்ன மார்க்கெட், கொஞ்சம் டைம் குடுப்போம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னிக்கு பிக்சல் 8 ஃபோனும் பிக்சல் வாட்ச் 2வும் ஒரே நிகழ்ச்சியில வந்துச்சு. ஃபோனுக்கு 7 வருஷம் ஓஎஸ் அப்டேட்னு சொன்னாங்க. ஆண்ட்ராய்டு உலகத்துல அவ்வளவு பெரிய வாக்கை அதுக்கு முன்னாடி எந்தப் பெரிய கம்பெனியும் குடுத்ததில்ல, நான் நிஜமாவே எழுந்து கை தட்டினேன். அப்புறம் வாட்ச்சோட விவரத்தைத் தேடிப் படிச்சா, அதுக்கு 3 வருஷம். 2026 அக்டோபரோட உத்தரவாதம் முடியுது.

அதே கம்பெனி, அதே நாள். இதுல ஒண்ணு 7, ஒண்ணு 3. இந்தியாவுல அந்த வாட்ச் 39,900 ரூபாய்க்கு வந்துச்சு, பிக்சல் வாட்ச் இங்க அதிகாரபூர்வமா வந்ததே அப்பத்தான், முதல் மாடல் வரவே இல்ல. நாப்பதாயிரம் ரூபாய்ங்கறது நம்ம ஊர்ல நிறைய வீட்டுல ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். சரி, தொழில்நுட்பக் காரணம் இருக்குமோன்னு யோசிச்சேன், ரொம்ப நாள் யோசிச்சேன். பேட்டரி தேயும், உண்மைதான், ஆனா ஃபோன் பேட்டரியும்தான் தேயுது, அதை மாத்தறதுக்கு வழி வெச்சிருக்காங்க. சிப்பு பண்றவங்க அத்தனை வருஷம் சப்போர்ட் குடுக்க மாட்டாங்கன்னா, ஃபோனுக்குச் சொந்தமா டென்சர் சிப்பு பண்ணி அந்தப் பிரச்சினையைத் தீர்த்தவங்களே இவங்கதானே. ஆப்பிள் எழுத்துல எதுவும் குடுக்கல, ஆனா 2018ல வந்த சீரிஸ் 4 வாட்ச்சுக்கு 2023ல வந்த வாட்ச்ஓஎஸ் 10 வரைக்கும் போட்டுக் குடுத்தாங்க. அதனால முடியாதுங்கறது இல்ல. வாட்ச் வாங்கறவனுக்கு மூணு வருஷம் போதும்னு யாரோ ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க.

அந்த மாசமே இன்னொரு சேதியும் வந்துச்சு. முதல் பிக்சல் வாட்ச்சோட கண்ணாடி உடைஞ்சா அதைச் சரி பண்ண பார்ட்டே கிடையாதுன்னு கூகுளே ஒத்துக்கிட்டாங்க. முகம் முழுக்க வளைஞ்ச கண்ணாடியோட ஒரு வாட்ச், கதவு நிலையில ஒரு இடி பட்டா போச்சு, அதை மாத்த வழி வெக்காமலேயே டிசைன் பண்ணியிருக்காங்க. ஒரு பொருளை உண்டாக்கறப்பவே அது எத்தனை நாள் இருக்கணும்னு நினைச்சிருக்காங்கங்கறதை அந்தப் பொருளே சொல்லிடும்.

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு, அதுக்கப்புறம் என்னால சமாதானம் ஆகவே முடியல. ஃபிட்பிட்டை வாங்கறதுக்கு ஐரோப்பிய யூனியன் சும்மா அனுமதி குடுக்கல. அங்க இருக்கற பயனாளிகளோட உடல்நலக் கணக்கை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம்னு 10 வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கிட்டுத்தான் 2020 டிசம்பர்ல சரின்னாங்க, தேவைப்பட்டா இன்னும் 10 வருஷம் நீட்டிக்கலாம்னும் அதுல இருக்கு. அப்போ பத்து வருஷத்துக்கு வாக்குக் குடுக்க இந்தக் கம்பெனியால முடியுது! எதிர்ல உக்காந்திருக்கறவங்க அழுத்திக் கேட்டா குடுக்கறாங்க. கடையில காசு குடுத்து வாங்கற நமக்காக அப்படிக் கேக்க யாரும் இல்ல.

பெபிள் சொல்ற பாடம்

லாபம் இல்லாத பொருளை எவ்வளவு நாள்தான் தூக்கிச் சுமப்பாங்கன்னு ஒரு நண்பர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் பெபிள்கிட்ட இருக்கு. 2012ல மக்கள்கிட்ட முன்பணம் திரட்டற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல கிட்டத்தட்ட 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல போட்டு உருவாக்கின வாட்ச் அது, கலர் ஸ்கிரீன் இல்ல, டச் இல்ல, ஆனா ஒரு தடவை சார்ஜ் பண்ணா நாள்கணக்குல ஓடும். 2016 டிசம்பர்ல கம்பெனி மூடுச்சு, அதோட சாஃப்ட்வேரையும் ஆளுங்களையும் ஃபிட்பிட் வாங்குச்சு, 2018 ஜூன் மாசக் கடைசியில சர்வரை நிறுத்தினாங்க. அந்த இடத்துல ரெப்பிள்னு ஒரு கூட்டம் வந்துச்சு, அந்த வாட்ச்சை விட மனசில்லாத ஆர்வலர்கள். ஆப் ஸ்டோரை அவங்களே திரும்பக் கட்டினாங்க, வானிலை, குரல்ல எழுதற வசதி மாதிரி செலவு பிடிக்கறதுக்கு மட்டும் மாசம் 3 டாலர் வாங்கினாங்க. பெரிய முதலீடு இல்ல, பெரிய ஆபீஸ் இல்ல, இருந்தும் செத்துப்போன கம்பெனியோட வாட்ச் பல வருஷம் மக்கள் கையில ஓடுச்சு.

இதுல கூகுளுக்கு நான் மனசார நன்றி சொல்ற ஒரு இடமும் இருக்கு. 2025 ஜனவரியில பெபிள் ஓஎஸ்ஸோட சோர்ஸ் கோடை அவங்களே வெளிய விட்டாங்க, யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தல. அதை வெச்சு பெபிளை உருவாக்கின எரிக் மிகிகோவ்ஸ்கி அந்த மார்ச்லயே 149 டாலருக்கும் 225 டாலருக்கும் ரெண்டு புது வாட்ச் அறிவிச்சாரு. கூகுள் தனக்கு வேண்டாங்கற பொருளை இப்படிக் கௌரவமா ஒப்படைக்கலாம், அவங்களுக்கே வழி தெரியும். ஃபோகல்ஸ் கண்ணாடிக்கு ஏன் அதைப் பண்ணல? வியர் ஓஎஸ் 2லயே நின்னுபோன அத்தனை வாட்ச்சுக்கும் ஏன் அந்த வழி இல்ல?

2022லேர்ந்து வருஷம் ஒரு பிக்சல் வாட்ச் தவறாம வருது, 2025ல வந்த நாலாவது மாடல்ல ஸ்க்ரூவைக் கழட்டி பேட்டரியும் ஸ்கிரீனும் மாத்தற மாதிரி பண்ணியிருக்காங்க. பெரிய முன்னேற்றம், இதைச் சொல்லாம விட்டா நான் எழுதறது நியாயமா இருக்காது. ஆனா பேட்டரியை மாத்தி அஞ்சாறு வருஷம் ஓட்டலாம்னு ஒரு பக்கம் கதவைத் திறந்துட்டு, சாஃப்ட்வேர் உத்தரவாதத்தை இன்னும் அதே 3 வருஷத்துலயே வெச்சிருக்காங்க. அந்த 3ஐ 7 ஆக்கினா போதும், இதுவரைக்கும் நான் எழுதினதுல பாதியை நானே அழிச்சுடுவேன். புதுசா ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர்னு, தலையிலயும் கண்ணுலயும் மாட்டற சாமானுக்கான ஆண்ட்ராய்டோட திரும்பக் கண்ணாடி பக்கம் வேற போறாங்க. அதை வாங்கறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம்னு எழுத்துல கேளுங்க.

இப்போதைக்கு ஃபிட்பிட் வெச்சிருக்கறவங்க வீட்டுல இருந்தா ஒரு வேலை இருக்கு. பழைய ஃபிட்பிட் அக்கவுண்ட்டை கூகுள் அக்கவுண்ட்டுக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க, முதல்ல 2025ன்னாங்க, அப்புறம் 2026க்குத் தள்ளினாங்க, மாத்தலன்னா பழைய கணக்கு அழிஞ்சுடும். உங்களுக்குத் தெரிஞ்சுருக்கும், உங்க அப்பா அம்மாவுக்கு அந்த மெயில் வந்தா அதை அவங்க திறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க. மாத்தினதுக்கு அப்புறம் கூகுள் டேக்அவுட்ங்கற பக்கத்துக்குப் போனா ஃபிட்பிட்ல சேர்ந்த கணக்கை மொத்தமா இறக்கிக்கலாம். குட்டிக் குட்டி ஃபைலாத்தான் வரும், படிக்கறதுக்குச் சுலபமா இருக்காது, பரவாயில்ல, துடிப்பு, தூக்கம், நடை எல்லாம் அதுல தேதியோட இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை அவங்க ஃபோனை வாங்கி அதை முடிச்சுக் குடுத்துடுங்க.